கூகுளுக்கு ஒரு பக்கம், வாசகருக்கு ஒரு பக்கம்: கேள்வி பதில்

தேடுபொறிக்கு ஒன்றும் பார்வையாளருக்கு வேறொன்றும் காட்டுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தளம் நடத்துபவர்கள் இதைக் குளோக்கிங் என்றே சொல்வதால் நாமும் அப்படியே சொல்வோம்.

கேள்வி: எங்கள் தளத்தில் லாகின் செய்தவருக்கு ஒரு முகப்பு, செய்யாதவருக்கு ஒரு முகப்பு. மொபைலில் வேறு வடிவம். ஆக, கூகுள் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றல்ல. இது குளோக்கிங் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தத் தேடுபொறியும் கேட்கவில்லை. கூகுளின் ஸ்பாம் விதி கவனிப்பது இரண்டை. வந்திருப்பது தேடுபொறி என்று தெரிந்துகொண்டு அதற்கென்று தனி உள்ளடக்கம் தருகிறீர்களா? அதன் நோக்கம் தரவரிசையை ஏற்றுவதும் தேடி வருபவரைத் திசைதிருப்புவதுமா? கூகுளுக்காகத் தளங்களைத் தானாக வந்து படிக்கும் நிரலுக்கு கூகுள்பாட் என்று பெயர், சுருக்கமாகப் பாட். லாகின் செய்யாத எவரும் காண்பதையே கூகுள்பாட்டும் கண்டால் பிரச்சினையே இல்லை. கூகுள்பாட் என்பதை லாகின் இல்லாத, பழைய குக்கி எதுவும் இல்லாத, முதல்முறையாக வருகிற பார்வையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புரோகிராமரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'யூசர் ஏஜென்டில் (வருபவர் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரில்) கூகுள்பாட் என்று இருந்தால்' எனத் தொடங்கும் நிபந்தனை தளத்தின் புரோகிராம் கோடில் எங்காவது இருக்கிறதா? இல்லை என்றால் நிம்மதியாக இருக்கலாம். இருந்தால், அந்த நிபந்தனைக்குள் என்ன நடக்கிறது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றியவைதான்.

மொபைல் வடிவம் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கூகுள் இப்போது தளங்களை ஸ்மார்ட்ஃபோன் பாட் கொண்டே படிக்கிறது. மிச்சமிருந்த தளங்களும் 2024 ஜூலையில் அதற்கு மாறிவிட்டன. கம்ப்யூட்டர் வடிவத்தில் முழு விவரமும் மொபைலில் பாதியும் வைத்திருந்தால் அது குளோக்கிங் அல்ல. ஆனால் அந்த மறுபாதி தேடலுக்குக் கணக்கில் வராது.

கேள்வி: எங்கள் தளம் முழுக்கப் படங்களும் வீடியோவும்தான். எஸ்.இ.ஓ. வேலைக்கு, அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு, அமர்த்திய நிறுவனம், கூகுள்பாட்டுக்கு மட்டும் எழுத்து நிறைந்த தனிப் பக்கம் தரலாம், பார்வையாளருக்கு இப்போதைய பக்கமே போகட்டும், ஐ.பி. முகவரியை வைத்துப் பிரிப்பதால் கண்டுபிடிக்கவே முடியாது என்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அவர்கள் சொல்வது குளோக்கிங்கின் பாடப்புத்தக வடிவம். தேடுபொறி வரும்போது மட்டும் பக்கத்தில் வார்த்தைகளைச் செருகுவதை கூகுள் தன் விதியிலேயே உதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறது.

இதில் பெரிய நிறுவனம், சின்ன நிறுவனம் என்ற சலுகையும் கிடையாது. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தை கூகுள் தன் தேடலிலிருந்தே தூக்கிவிட்டது. பழைய கார் தொடர்பான சொற்கள் அடைத்த பக்கங்கள் தேடுபொறிக்குக் கிடைத்தன. அதே முகவரியை மனிதர் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அவரை வேறொரு பக்கத்துக்குத் தள்ளியது. அன்றைய பாட் ஜாவாஸ்கிரிப்டை இயக்கவில்லை என்பதை நம்பிச் செய்த வேலை அது. பக்கங்களை நீக்கிய பிறகு தளம் திரும்ப வந்தது. அவ்வளவு பெயர் பெற்ற நிறுவனத்துக்கு வேகமாகத் திரும்பி வர வழி இருந்தது. சிறிய தளத்துக்கு அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கண்டுபிடிக்க முடியாது என்பதும் சரியல்ல. ஐ.பி. பட்டியலை வைத்துப் பாட்டை ஏமாற்றலாம். ஆனால் ஸ்பாம் புகாரை ஆராயும் கூகுள் ஊழியர் சாதாரண பிரவுசரில் உங்கள் பக்கத்தைத் திறந்து, இண்டெக்ஸில் (கூகுள் படித்துச் சேமித்த தொகுப்பில்) இருப்பதோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. அந்தப் புகாரை அனுப்பப் படிவம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முதலில் அனுப்புபவர் பெரும்பாலும் போட்டியாளராகத்தான் இருப்பார். தேடல் முடிவில் காட்டும் குறிப்பு வரி உங்கள் பக்கத்திலேயே இல்லை என்பது கூர்ந்து பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும்.

சரி, படங்கள் நிறைந்த தளத்துக்கு என்ன வழி? அந்த நிறுவனம் பாட்டுக்காக எழுதப்போகும் எழுத்து உண்மையிலேயே பயனுள்ளது என்றால் அதை மனிதருக்கும் காட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் எழுத்து (படத்துக்கான எழுத்து விளக்கம்) எழுதுங்கள்: படத்தில் என்ன இருக்கிறதோ அது, ஒரு வரியில். வீடியோவுக்குக் கீழே அதில் பேசப்படுவதன் எழுத்து வடிவத்தை வையுங்கள். வடிவமைப்பு கெடும் என்று தோன்றினால் அதைத் தொட்டால் விரியும் பகுதிக்குள் வைக்கலாம். படத்துக்குள் எழுத்தைப் பொறிப்பதற்குப் பதில், படத்தின் மேல் சி.எஸ்.எஸ். (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) மூலம் நிஜமான எழுத்தை அமர்த்தலாம். பார்க்க அதேபோல இருக்கும், பாட்டும் படிக்கும். இத்தனையும் செய்ய ஆகும் உழைப்பு, இரண்டு தனித்தளங்களைப் பராமரிப்பதைவிடக் குறைவு.

கேள்வி: தொட்டால் விரியும் பகுதி என்றால் அது மறைத்து வைத்த எழுத்து ஆகாதா?

பதில்: பார்வையாளர் விரும்பினால் திறந்து படிக்க முடிகிறதே, அதனால் ஆகாது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அளவு பூஜ்யம் வைத்த எழுத்து, திரைக்கு வெளியே தள்ளிவிட்ட எழுத்து, ஒளிபுகுதிறனைப் பூஜ்யமாக்கிய எழுத்து, இவைதான் மீறல். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக வைக்கும் மறை எழுத்துக்கு விலக்கு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: பகுதிக்குள் இருக்கும் எழுத்து, பக்கம் ஏறும்போதே எச்.டி.எம்.எல்.-இல் (பக்கத்தின் மூல எழுத்தில்) இருக்க வேண்டும். தொட்ட பிறகுதான் சர்வரிலிருந்து வரும் என்றால், பாட் எதையும் தொடாது. அதற்கு அந்த எழுத்து கிடைக்காது.

கேள்வி: எங்கள் தளம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் எழுதப்பட்டது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் உள்ளடக்கம் தெரியும். பாட்டுகளுக்கு மட்டும் முன்கூட்டியே தயாரித்த எச்.டி.எம்.எல். அனுப்பும் சேவையைப் பயன்படுத்துகிறோம். இதுவும் 'கூகுள்பாட் என்று இருந்தால்' நிபந்தனைதானே?

பதில்: நிபந்தனை அதேதான், ஆனால் உள்ளே நடப்பது வேறு. இதற்கு டைனமிக் ரெண்டரிங் என்று பெயர். ஒரே பக்கத்தைப் பாட்டுக்குச் சமைத்தும் மனிதருக்கு அவரே சமைத்துக்கொள்ளும்படியும் தருகிறீர்கள். சாப்பாடு ஒன்றாக இருக்கும்வரை அது குளோக்கிங் அல்ல என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 2018-இல் இந்த முறையை அறிமுகப்படுத்தியதே அவர்கள்தான். ஆனால் இப்போது அதைத் தற்காலிக ஒட்டுவேலை என்கிறார்கள், நிரந்தரத் தீர்வாகப் பரிந்துரைப்பதில்லை. 2019 மே முதல் கூகுள்பாட், குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் புதிய பதிப்பில் ஓடுகிறது. பெரும்பாலான ரியாக்ட் பக்கங்களை அதுவே திறந்து பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஏற்பாட்டில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. ஆபத்து கோளாறில் இருக்கிறது. பாட்டுக்குப் போகும் பக்கத்தை உங்களில் யாரும் அன்றாடம் பார்ப்பதில்லை. அதனால் அது கெட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது. வழக்கமாகக் கெடுவது இப்படி:

முதலாவது பழைய பிரதி. தயாரித்த எச்.டி.எம்.எல். சேவையின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) நாள்கணக்கில் கிடக்கும். மனிதருக்குப் புதிய விலை, பாட்டுக்குப் பழைய விலை. நீங்கள் ஏமாற்றவில்லை, ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏமாற்றுவதும் இதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கம் மாறும்போதெல்லாம் அந்த முகவரியின் கேஷை அழிக்கச் சொல்லும் அழைப்பைப் பதிப்பிக்கும் இடத்திலேயே இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது வெற்றுப் பக்கம். சர்வர் நெரிசலில் ரெண்டரிங் பாதியில் நின்று, சுழலும் வட்டம் மட்டும் உள்ள எச்.டி.எம்.எல். 200 (எல்லாம் சரி) என்ற நிலைக்குறியீட்டோடு போய்விடும். கூகுள் அதையே உங்கள் பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ரெண்டரிங் முடியாவிட்டால் 503 (இப்போது இயலவில்லை) அனுப்பும்படி அமையுங்கள். பாட் பிறகு வரும்.

மூன்றாவது இல்லாத பக்கம். ரியாக்ட் தளங்கள் 'பக்கம் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டு, நிலைக்குறியீடாக 200 அனுப்பும். 404 (பக்கம் இல்லை) அனுப்ப வேண்டும்.

நான்காவது, பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது, சி.டி.என். கலப்பு. பக்கங்களின் பிரதியைப் பல ஊர்ச் சர்வர்களில் சேமித்து வேகமாகத் தரும் சேவைதான் சி.டி.என். ஒரே முகவரிக்கு யூசர் ஏஜென்டைப் பொறுத்து இரண்டு விடை தருகிறீர்கள் என்பது சி.டி.என்.-க்குத் தெரியாவிட்டால், பாட்டுக்குப் போனதைச் சேமித்து மனிதருக்குக் கொடுத்துவிடும். மனிதருக்குப் பட்டன்கள் வேலை செய்யாத செத்த பக்கம் கிடைக்கும். விடையோடு போகும் குறிப்பு வரிகளான ஹெடரில் 'வேரி: யூசர்-ஏஜென்ட்' சேர்ப்பது முறை. ஆனால் எல்லா சி.டி.என்.-களும் அதை மதிப்பதில்லை. மதிப்பவை ஒவ்வொரு பிரவுசர் பதிப்புக்கும் தனிப் பிரதி சேமித்து கேஷைப் பயனற்றதாக்கிவிடும். 'பாட், மனிதர்' என்ற இரண்டே பிரிவாக கேஷ் விசையை சி.டி.என். அமைப்பிலேயே எழுதுவது நல்லது.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் சர்வரிலேயே ரெண்டர் செய்து எல்லோருக்கும் ஒரே எச்.டி.எம்.எல். அனுப்பும் முறைக்கு மாறுங்கள். பாட் நிபந்தனையே தேவைப்படாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் போதும். தலைப்பு, முக்கிய எழுத்து, இணைப்புகள் மூன்றும் தெரிய வேண்டும். இணைப்புகள் உண்மையான இணைப்புக் குறியில் முகவரியோடு இருக்க வேண்டும். கிளிக் செய்தால் ஸ்கிரிப்ட் நகர்த்தும் வகை இணைப்பைப் பாட் பின்தொடராது.

கேள்வி: தேடலில் எங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் ஏதோ கைப்பை விற்பனைத் தலைப்புகள் வருகின்றன. தளத்தைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனமும் பிரச்சினை எதுவும் தெரியவில்லை என்கிறது. வேர்ட்பிரஸ் தளம். என்ன செய்வது?

பதில்: தளம் ஹேக் செய்யப்பட்டிருக்கிறது. குளோக்கிங் செய்வது நீங்கள் அல்ல, உள்ளே நுழைந்தவர். உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதைச் செய்கிறார். அவருடைய கோடு பாட் வந்தால் விற்பனைப் பக்கம் தரும். கூகுள் தேடலிலிருந்து கிளிக் செய்து வருபவரை வேறு கடைக்குத் திருப்பும். முகவரியை நேரே தட்டி வருபவருக்கும் நிர்வாகியாக லாகின் செய்தவருக்கும் ஒழுங்கான தளத்தைக் காட்டும். சில வகைகள் ஒருவருக்கு ஒருமுறை மட்டும் திருப்பிவிட்டு, குக்கி வைத்துவிட்டு அடங்கிவிடும். மொபைலுக்கு மட்டும் வேலை செய்பவையும் உண்டு. அதனால் 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்பது இங்கே சான்று ஆகாது.

முதலில் உறுதி செய்யுங்கள். கூகுளில் 'சைட்' கட்டளையோடு உங்கள் டொமைனைத் தேடினால், நீங்கள் உருவாக்காத முகவரிகள் வரிசையாக வரும். அதில் ஒன்றை, தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலின் யூ.ஆர்.எல். ஆய்வுக் கருவியில் இட்டு, 'படிக்கப்பட்ட பக்கத்தைக் காண்க' என்பதைத் திறங்கள். கூகுள்பாட்டுக்குக் கிடைத்த எச்.டி.எம்.எல். அப்படியே இருக்கும். அதே கருவியில் நேரடிச் சோதனையும் உண்டு. ஆனால் அது கூகுள்பாட் பெயரில் வராது. கூகுள்-இன்ஸ்பெக்ஷன்டூல் என்ற வேறு யூசர் ஏஜென்டில் வரும். கூகுள்பாட் என்ற சொல்லை மட்டும் தேடும் ஹேக் கோடு அதை மனிதராக எண்ணிச் சுத்தமான பக்கத்தைக் கொடுத்துவிடும். ஆகவே நேரடிச் சோதனை சுத்தமாக வந்ததால் தளம் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். இண்டெக்ஸில் உள்ள பிரதிதான் பேசும்.

இன்னொரு சோதனை: குரோமின் டெவலப்பர் கருவிகளில் 'நெட்வொர்க் கண்டிஷன்ஸ்' பகுதிக்குப் போய், இயல்பு யூசர் ஏஜென்ட் என்ற டிக்கை எடுத்துவிட்டு, கூகுள்பாட் ஸ்மார்ட்ஃபோனைத் தேர்ந்து பக்கத்தைத் திறங்கள். லாகின் இல்லாத தனி ஜன்னலில் செய்ய வேண்டும். ஹேக் கோடு ஐ.பி. முகவரியையும் சரிபார்த்தால் இது பலிக்காது. அப்போது முந்தைய வழி ஒன்றே கதி.

அடுத்து, எதையும் அழிக்குமுன் கோப்புகளையும் டேட்டாபேஸையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு சர்ச் கன்சோலில் பயனர் பட்டியலைப் பாருங்கள். நுழைந்தவர் தன்னையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டு, தன் பக்கங்களுக்கு சைட்மேப் (முகவரிப் பட்டியல்) சமர்ப்பித்திருப்பது வழக்கம். அவரை நீக்குவதோடு, அவர் சரிபார்ப்புக்கு வைத்த கோப்பையும் சர்வரிலிருந்து எடுக்க வேண்டும். கோப்பு இருந்தால் திரும்பவும் சேர்ந்துகொள்வார். கோப்பு எதுவும் இல்லாமலே சரிபார்ப்பு நடக்கும்படி எச்டிஆக்சஸில் (சர்வர் விதிகளை எழுதும் கோப்பில்) விதி எழுதியிருப்பதும் உண்டு.

கோடு ஒளிந்திருக்கும் இடங்கள் அதிகம் இல்லை. எச்டிஆக்சஸ், இண்டெக்ஸ் கோப்பின் முதல் வரிகள், கான்ஃபிக் கோப்பு, தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு, மு-பிளகின்ஸ் ஃபோல்டர், அப்லோட்ஸ் ஃபோல்டர். கடைசியாகச் சொன்னதில் படங்கள்தான் இருக்க வேண்டும், பி.எச்.பி. கோப்பு இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். ஈவல், பேஸ்64 டீகோட், ஜி.இசட். இன்ஃப்ளேட் ஆகிய ஃபங்ஷன்கள் நீண்ட குழப்பமான எழுத்துக் குவியலோடு சேர்ந்து வந்தால் அதுதான். டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் அட்டவணையையும் விடாதீர்கள். கோப்பு மாறிய தேதியை நம்ப வேண்டாம், அதைப் பின்தேதியிட்டு மாற்றுவது சுலபம். வேர்ட்பிரஸ் கட்டளைவரிக் கருவியில் மூலக் கோப்புகளின் செக்சம் (கோப்பு மாறினால் மாறிவிடும் அடையாள எண்) சரிபார்க்கும் கட்டளை இருக்கிறது. எந்தக் கோப்பு மாறியிருக்கிறது, எது கூடுதலாக இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

ஒவ்வொரு வரியாக வெட்டிச் சுத்தம் செய்வதைவிட, வேர்ட்பிரஸ் மூலக் கோப்புகள், பிளகின்கள், தீம் எல்லாவற்றையும் அழித்து அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக இறக்குவது பாதுகாப்பு. காசு கொடுக்காமல் கிடைத்த கட்டண தீம், பிளகின் இருந்தால் அதைத் திரும்ப நிறுவாதீர்கள்; பல சமயம் கதவே அதுதான். நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயரை நீக்குங்கள். ஹோஸ்டிங், எஃப்.டி.பி., டேட்டாபேஸ், நிர்வாகி என எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசிய விசைகளையும் மாற்றினால்தான் அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் லாகின் செத்துப்போகும்.

சுத்தம் செய்த சில நொடியில் எச்டிஆக்சஸ் பழையபடி மாறிவிடுகிறதா? சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையோ, ஓடிக்கொண்டிருக்கும் பி.எச்.பி. செயலியோ அதைத் திரும்ப எழுதுகிறது. முதலில் அதை நிறுத்த வேண்டும். ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வேறு தளங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே சுத்தம் செய்யுங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப வரும்.

கடைசியாக, அந்த ஸ்பாம் முகவரிகள் 404 அல்லது 410 (நிரந்தரமாகப் போய்விட்டது) தரட்டும். பாட்டுகள் எங்கே போகலாம், போகக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அவற்றைத் தடுத்துவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. தடுத்தால், பக்கம் போய்விட்டது என்பதை வந்து பார்க்க கூகுளுக்கு வழியே இருக்காது. தலைப்பு அங்கேயே கிடக்கும். உடனடியாக மறைக்க சர்ச் கன்சோலின் நீக்கல் கருவி உதவும். அது சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும். அதற்குள் 404 தன் வேலையைச் செய்துவிடும்.

கேள்வி: கட்டணச் சந்தா உள்ள பத்திரிகை. கூகுளுக்கு முழுக் கட்டுரை, சந்தா இல்லாதவருக்கு முதல் இரண்டு பத்தி. இது அனுமதியா?

பதில்: அனுமதி, சொல்லிவிட்டுச் செய்தால். முன்பு 'முதல் கிளிக் இலவசம்' என்ற விதி இருந்தது. தேடலிலிருந்து வருபவருக்கு முழுக் கட்டுரையும் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். 2017 அக்டோபரில் அதை கூகுள் கைவிட்டு, எவ்வளவு இலவசமாகக் காட்டுவது என்பதைப் பதிப்பாளரே முடிவு செய்யலாம் என்றது. அதற்கு ஈடாக, கட்டணப் பகுதி எது என்று கட்டமைப்புத் தரவில் (தேடுபொறிக்காகப் பக்கத்தில் வைக்கும் குறிப்பில்) குறித்துக்காட்ட வேண்டும்.

அந்தக் குறிப்பை எழுதும் ஜேசன்-எல்.டி. பகுதியில் 'இலவசமாக அணுக முடியுமா' என்ற பண்புக்குப் பொய் (ஃபால்ஸ்) என்ற மதிப்பு தாருங்கள். கட்டணப் பகுதியைச் சுற்றி ஒரு கிளாஸ் பெயர் வைத்து, 'பகுதி' என்ற பண்பின் கீழ் அந்த சி.எஸ்.எஸ். கிளாஸையும் பொய் என்ற மதிப்பையும் மறுபடி குறிப்பிடுங்கள். குறியீட்டில் எழுதிய கிளாஸும் பக்கத்தில் உள்ள கிளாஸும் ஒன்றாக இல்லாமல் போவதுதான் வழக்கமான பிழை. வடிவமைப்பை மாற்றும்போது கிளாஸ் பெயர் மாறிவிடும், ஜேசனை யாரும் நினைப்பதில்லை.

முழுக் கட்டுரையையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு ஜாவாஸ்கிரிப்டால் மூடி வைப்பது சுலபம்தான், ஆனால் ஸ்கிரிப்டை நிறுத்தியவர் காசில்லாமல் படித்துவிடுவார். சர்வரிலேயே பிரிக்க வேண்டும். அப்போது கூகுள்பாட் என்று பெயர் சொல்லி வருபவர் உண்மையான கூகுள்பாட்டா என்று பார்க்க வேண்டியிருக்கும். அது அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

கேள்வி: கூகுள்பாட் என்ற பெயரில் நிறையப் போலிகள் வருகின்றன. மொத்தமாகத் தடுத்தால் உண்மையானதும் போய்விடுமோ என்று பயம். எப்படிப் பிரிப்பது?

பதில்: யூசர் ஏஜென்ட் என்பது வருபவர் தானே எழுதிக்கொள்ளும் பெயர்ப்பலகை, அதை நம்ப முடியாது. சர்வரின் வருகைப் பதிவான லாகில் உள்ள ஐ.பி. முகவரியை எடுத்து 'ஹோஸ்ட்' கட்டளையில் இடுங்கள். வரும் பெயர் கூகுள்பாட் டாட் காம் என்று முடிய வேண்டும். கூகுளின் சில சிறப்புப் பாட்டுகளுக்கு கூகுள் டாட் காம் என்று முடியும். அதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பெயரைத் திரும்ப 'ஹோஸ்ட்' கட்டளையில் இட்டால் தொடங்கிய அதே ஐ.பி. வர வேண்டும். காரணம், தன் ஐ.பி.க்கு எந்தப் பெயரையும் எவரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூகுளின் டொமைனிலிருந்து தன் ஐ.பி.க்கு வழி காட்டவைக்கப் போலியால் முடியாது. சரிபார்க்கும்போது, முடிவுக்கு முன்னால் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். 'போலிகூகுள்பாட் டாட் காம்' என்பதும் அதே எழுத்துகளில்தான் முடிகிறது.

ஒவ்வொரு வருகைக்கும் இதைச் செய்தால் சர்வர் திணறும். விடையை ஒரு நாள் சேமித்து வையுங்கள். அல்லது கூகுளே ஜேசன் கோப்பாக வெளியிடும் ஐ.பி. வரம்புகளைத் தினமும் இறக்கி ஒப்பிடுங்கள். பிங் தேடுபொறியின் பிங்பாட்டுக்கும் இதே முறை. பெயர் சர்ச் டாட் எம்.எஸ்.என். டாட் காம் என்று முடியும்.

உண்மையான பாட்டை 'நீங்கள் மனிதரா' என்ற சோதனைப் பக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்றால் தேடல் குறிப்பு வரியில் அந்தச் சோதனை வாசகமே வந்து நிற்கும். அதேபோல வயது கேட்கும் தடுப்புப் பக்கம் உள்ள தளங்கள், சரிபார்க்கப்பட்ட கூகுள்பாட்டை அந்தக் கேள்வி இல்லாமல் உள்ளே விடலாம். கூகுளே அப்படிச் செய்யச் சொல்கிறது, பக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பாதுகாப்புத் தேடலில் வடிகட்ட முடியும். பாட் நிபந்தனை முறையானதாக இருக்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

கேள்வி: பார்வையாளர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்து அந்த மொழிப் பக்கத்துக்குத் தானாகத் திருப்புகிறோம். ஆனால் கூகுளில் ஆங்கிலப் பக்கம் மட்டுமே இருக்கிறது. பாட்டை மட்டும் திருப்பாமல் விடலாமா?

பதில்: விடாதீர்கள், அதுதான் மீறலாகும். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐ.பி.யிலிருந்து வருகிறது, மொழி விருப்பத்தைச் சொல்லும் ஹெடரையும் வழக்கமாக அனுப்புவதில்லை. அதனால் எந்த முகவரியைக் கேட்டாலும் நீங்கள் அதை ஆங்கிலத்துக்கே தள்ளுகிறீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மனிதரை எப்படி நடத்துவீர்களோ அப்படியே அங்கிருந்து வரும் பாட்டையும் நடத்த வேண்டும் என்பதே விதி.

திருப்புவதை எல்லோருக்கும் நிறுத்துங்கள். மொழிக்கு ஒரு தனி முகவரி. மேலே 'இந்தப் பக்கம் உங்கள் மொழியிலும் உண்டு' என்று ஒரு பட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் மற்ற மொழிப் பிரதிகளைச் சுட்டும் எச்ரெஃப்லாங் குறி, தன்னையும் சேர்த்து எல்லா மொழிப் பிரதிகளுக்கும். ஒரு பக்கம் சுட்ட, மற்றது திரும்பச் சுட்டாமல் விட்டால் அந்தக் குறி செல்லாது. மொழி தேர்வு செய்யும் பக்கத்துக்கு எக்ஸ்-டிஃபால்ட் என்ற மதிப்பைக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வகைத் தலைப்புகளை வைத்து ஏ/பி சோதனை செய்கிறோம். பாட்டுக்கு எதைக் காட்டுவது?

பதில்: பாட்டுக்கென்று எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். குலுக்கலில் எது வருகிறதோ அது. தனி முகவரியில் சோதித்தால் மாற்றுப் பக்கத்தில் மூலப் பக்கத்துக்கு கனானிக்கல் குறி (இதுவே முதன்மைப் பக்கம் என்று சொல்லும் குறி) வையுங்கள். திருப்புவதற்கு 301 (நிரந்தரத் திருப்பல்) வேண்டாம், 302 (தற்காலிகத் திருப்பல்) போதும். முடிவு தெரிந்ததும் சோதனைக் கோடை எடுத்துவிடுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

கேள்வி: கமிஷன் இணைப்புகளைச் சின்ன முகவரியாக மாற்றும் 'லிங்க் குளோக்கிங்' பிளகின் பயன்படுத்துகிறேன். ஆபத்தா?

பதில்: பெயர்தான் அப்படி, பாட்டும் மனிதரும் ஒரே இடத்துக்குப் போகும்வரை இது குளோக்கிங் அல்ல. இணைப்பில் 'ஸ்பான்சர்ட்' என்ற ரெல் மதிப்பைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'குளோக்கிங் மற்றும்/அல்லது மறைமுகத் திருப்பல்' என்று சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) வந்திருக்கிறது. முந்தைய எஸ்.இ.ஓ. ஆள் செய்தது. மறுபரிசீலனை விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

பதில்: தளம் முழுவதற்கா, சில பக்கங்களுக்கா என்று அறிக்கையிலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். உதாரண முகவரிகள் தந்திருந்தால் அவை மாதிரிதான், அவற்றை மட்டும் திருத்தி அனுப்பினால் நிராகரிக்கப்படும்.

பாட் நிபந்தனைகளை கோடில் மட்டுமல்ல, எச்டிஆக்சஸ், என்ஜின்எக்ஸ் சர்வர் அமைப்பு, சி.டி.என். விதிகள், பிளகின்கள், வெளியார் விளம்பர ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் தேடுங்கள். மொபைல் பார்வையாளரை மட்டும் வேறு தளத்துக்குத் தள்ளும் வேலையைப் பல நேரம் கடைசியாகச் சொன்னதுதான் செய்கிறது, உரிமையாளருக்கே தெரிவதில்லை. மொபைல் டேட்டாவில், தேடல் முடிவிலிருந்து கிளிக் செய்து வந்து பாருங்கள்.

விண்ணப்பத்தில் மூன்று இருக்க வேண்டும்: தவறு சரியாக என்ன, அதை நீக்க என்ன செய்தீர்கள், இப்போது நிலை என்ன. 'எஸ்.இ.ஓ. நிறுவனம் எங்களைக் கேட்காமல் செய்தது' என்று ஒரு வரி எழுதலாம். ஒரு பக்கம் எழுதினால் படிப்பவருக்கு அதில் வேலை இல்லை. எந்தக் கோப்பில் எந்த விதியை எந்தத் தேதியில் நீக்கினீர்கள் என்பதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள். விடை வரச் சில நாள் முதல் சில வாரம் ஆகலாம். அதற்குள் இரண்டாவது விண்ணப்பம் அனுப்பாதீர்கள். நடவடிக்கை நீங்கினாலும் பழைய இடம் அன்றைக்கே திரும்பாது. முன்பிருந்த இடத்தில் ஒரு பகுதி அந்தப் பொய்ப் பக்கத்தால் கிடைத்தது என்றால் அது திரும்பவே திரும்பாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பாட்டுகள் எங்கள் கட்டுரைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அவற்றுக்கு மட்டும் வேறு பக்கம், அல்லது ஒன்றுமே இல்லாத பக்கம் காட்டினால் கூகுள் தண்டிக்குமா?

பதில்: கூகுள்பாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே பக்கம் போகிறவரை, ஜி.பி.டி.பாட், கிளாட்பாட் போன்றவற்றைத் தடுப்பது தேடல் விதியைத் தொடாது. ரோபாட்ஸ் கோப்பில் அவற்றின் பெயருக்குத் தடை எழுதுங்கள். மதிக்காமல் வருபவற்றுக்கு சர்வரில் 403 (அனுமதி இல்லை) கொடுங்கள். வெற்றுப் பக்கத்தை 200 குறியோடு கொடுப்பதைவிட அது தெளிவானது, லாகிலும் பிரித்துப் பார்க்க முடியும்.

கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டைத் தடுக்க உதவும் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரை லாகில் தேடாதீர்கள். அது தனி பாட் அல்ல, ரோபாட்ஸ் கோப்பில் மட்டும் எழுதும் பெயர். அதைத் தடுத்தாலும் தேடல் தரவரிசை பாதிக்காது. 'பாட் என்ற சொல் இருந்தால் தடு' என்று ஒரே விதியில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தால் கூகுள்பாட், பிங்பாட் இரண்டும் அதே வலையில் மாட்டும். பெயர் பெயராக எழுதுங்கள். எழுதிய பிறகு சர்ச் கன்சோலின் படித்தல் புள்ளிவிவர அறிக்கையில் 403 எண்ணிக்கை ஏறுகிறதா என்று அடுத்த சில நாள் கவனியுங்கள்.